தீவுகளில் வாய்ப் புற்றுநோய்: மருந்துக்கு இணங்காத நிலையை வெல்லுதல்



அந்தமான் நிகோபார் தீவுகளின் முக்கியப் பயிர்களுள் பாக்கும் ஒன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கு ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். புகையிலையைப் போன்றே பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் உறுதி செய்தது. எனவே இத்தீவுகள் வாய்ப் புற்றுநோயை அயலார் பிரச்சினையாகக் கருதுவதற்கில்லை.

முற்றிய நோய்க்கு இன்று நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சை வந்துள்ளது. நம் குருதியிலுள்ள ‘டி’ அணுக்கள் புற்றணுக்களை அழிக்க வல்லவை. ஆனால் அவற்றின் மேலுள்ள ‘பிடி-1’ என்னும் புரதத்தின் வாயிலாகப் புற்றணு அவற்றை முடக்கிவிடுகிறது. இம்முடக்கத்தை நீக்குவதே நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகளின் பணியாகும்.

எனினும் 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், நிவோலுமாப் பெற்றோரில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கிற்று. சில கட்டிகளுள் ‘டி’ அணுக்கள் நுழைவதே இல்லை. சில புற்றணுக்கள் தம்மைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களை இழந்துவிடுகின்றன. இன்னும் சில, வேறு புரதங்களைக் கொண்டு எதிர்ப்பை அடக்குகின்றன. ஆகவேதான் வல்லுநர்கள் கூட்டுச் சிகிச்சையை நாடுகின்றனர்.

இதில் நம் நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 151 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை 2022இல் வெளியிட்டனர். இரு பிரிவினருக்கும் மெதோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மட்டும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்க்கப்பட்டது. வழக்கமான அளவோ இரு வாரங்களுக்கு 240 மில்லிகிராம். ஓராண்டின் முடிவில் உயிர் வாழ்ந்தோர் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது. இது முழு அளவு மருந்துடன் ஒப்பிட்ட ஆய்வன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆயினும் விலையால் மருந்தே எட்டாதவர்க்கு இது ஒரு வழியைத் திறந்துள்ளது.

தீவுகளுக்கு இதன் பொருள் என்ன? சென்னை 1,300 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் உள்ளது. மாத்திரைகளை வீட்டிலேயே உட்கொள்ளலாம். ஊசி மருந்தை, 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலேயே உரிய கண்காணிப்புடன் செலுத்த ஏற்பாடு செய்தால், பலருக்குக் கடல் கடக்கும் செலவு குறையும்.

அனைத்தினும் மேலானது, நோய் முற்றுமுன் அறிதலே. மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், வெண்படலம், வாயைத் திறக்க இயலாமை ஆகியவற்றைக் கைவிளக்கொன்றைக் கொண்டே கிராம சுகாதாரப் பணியாளர் கண்டறியலாம். விலையுயர்ந்த மருந்து பலருக்குப் பயன்படாது போகலாம். உரிய காலத்தில் வாயைப் பரிசோதிப்பதோ எல்லாத் தீவுகளிலும் இயலக்கூடியதே.