நலவாழ்வில் ஏற்றத்தாழ்வு: வந்த வழியும் மாற்றும் வழியும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வரலாற்றைச் சொல்லுமுன் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாற்பது நாள்கள் பள்ளிக்கு வரவில்லை. நீண்ட நாள் வராதோர் பட்டியலில் சேர்த்து அவள் பெயரை நீக்கினேன். பின்னரே அறிந்தேன்: பட்டாசு ஆலையில் மருந்து செலுத்திய அவள் தாய் தீக்காயமுற்று, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அருகிருந்து கவனிக்க அச்சிறுமியைத் தவிர வேறு ஆளில்லை. ஆலைப் பதிவேட்டில் தாயின் பெயர் இல்லை. ஆகவே இழப்பீடும் இல்லை. பள்ளிப் பதிவேட்டிலும் மகளின் பெயர் இல்லாமற் போனது என் கையால். நான் வீடு தேடிச் சென்றபோது அவளும் மத்தாப்பு வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

இஃது ஒரு குடும்பத்தின் தலைவிதி என்று ஒதுக்கிவிடலாகாது. இதற்கு ஒரு வரலாறு உண்டு.

நம் மாநிலத்தில் ஆங்கில மருத்துவமனை 1664இல் சென்னைக் கோட்டையில் தோன்றியது. கும்பினிப் படைவீரரின் நலத்திற்காகவே அது தோன்றியது. ஏழைகளுக்கென எழுந்த மருத்துவமனையோ பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது. அதுவே பின்னர் ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. இன்றும் முதியோர் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். ஆள்வோர்க்கு உரிமையாகக் கிடைத்த மருத்துவம் நமக்குத் தருமமாகக் கிடைத்தது என்பதற்கு இப்பெயரே சான்று.

அத்தருமமும் அளந்தே இடப்பட்டது. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார் ரிச்சர்டு டெம்பிள். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று எதிர்த்தவர், அதே அரசின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். ஆங்கிலேயர் அனைவரும் ஒரே நெஞ்சினர் அல்லர் என்பதையும் நாம் நேர்மையுடன் நினைவிற் கொள்ள வேண்டும்.

1914இல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேலை மருத்துவம் பயின்றோர்க்கே பதிவேட்டில் இடம். நாட்டு வைத்தியர்க்கு இடமில்லை. சித்த மருத்துவராக விளங்கிய நம் பண்டிதர் அயோத்திதாசர் மறைந்ததும் அவ்வாண்டே. கல்லூரிக் கதவு திறவாத மக்களுக்குத் தம் கைவைத்தியத்தின் மதிப்பும் குறைந்தது.

ஆயினும் எல்லாப் பழியையும் அயலான் மீது சுமத்திவிட்டு நம் நாட்டுச் சாதியமைப்பைத் தப்பவிடலாகாது. நோயைத் தடுப்பது முதலில் நல்ல தண்ணீர். அத்தண்ணீரை நமக்கு மறுத்தவர் உள்ளூரார். பொதுக் கிணறும் சாலையும் அனைவருக்கும் உரியன என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்ற, 1924இல் இரட்டைமலை சீனிவாசன் எழ வேண்டியிருந்தது. 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகியதும் இதே உரிமைக்காகத்தான்.

நம் வட்டாரத்திற்கு வருவோம். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் பிறந்தது. அது காயத்திற்கு விலை பேசிய சட்டமேயன்றி, காயத்தை ஆற்றும் மருத்துவத்தைத் தந்த சட்டமன்று. மருத்துவத்தோடு கூடிய காப்புறுதி 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தால் வந்தது. இடையில் கழிந்தவை 25 ஆண்டுகள். சட்டங்களின் பெயர்கள் காலந்தோறும் மாறலாம். ஆனால் பதிவேட்டில் பெயரில்லாதவரை எந்தச் சட்டமும் எளிதில் எட்டுவதில்லை. 2012இல் முதலிப்பட்டியிலும் 2021இல் அச்சங்குளத்திலும் நாம் இழந்த உயிர்களை எண்ணிப் பாருங்கள்.

1946இல் போர் குழு, பணமில்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்றது. 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராயிருந்தது 1954 முதல் 1963 வரை. விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வாய்த்தது 2022இல். தாமதமாயினும் கதவு திறந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேறிய மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை ஒதுக்கியுள்ளது.

இளைஞர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வேலைக்குச் செல்லும் உங்கள் தாய் தந்தையரின் பெயர் ஆலைப் பதிவேட்டில் உள்ளதா என்று இவ்வாரமே கேட்டறியுங்கள். இரண்டாவது, நம் தெருவில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தால், பள்ளிப் பிள்ளை படிப்பை விட்டுக் காவலிருக்க வேண்டாம். சங்க உறுப்பினர் முறைவைத்துச் செல்வோம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது, உயிரியல் பாடத்தை அஞ்சாது எடுங்கள்.

அம்மாணவியின் தங்கை இன்று என் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஒரு நாள் வராவிட்டாலும் மாலையில் அவள் வீட்டிற்குச் சென்று விசாரிக்கிறேன். இழந்ததை மீட்க இயலாது. இனி இழக்காதிருக்க இயலும்.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!