முள்ளும் குருக்கும்

(மருத்துவமனை நண்பர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் முள்ளோடு குருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. எபிரெயத்தில் அது 'தர்தர்'. கலிலேயாவின் கல் நிறைந்த மலைச்சரிவுகளில் பூக்கும் ஒரு முட்செடி இனத்தை அந்நாட்டார் இன்றும் அப்பெயரால் அழைக்கிறார்கள்.

நம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் குருக்குச்செடி என்றால் பிரமதண்டுதான். குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்லுவோம். அறுவடை முடிந்த தரிசிலும் முள்ளியாற்றங்கரையிலும் பார்த்திருப்பீர்கள். இலையெல்லாம் முள், வெள்ளை நரம்பு, மஞ்சள் பூ. பார்வைக்குத்தான் அது மலைநாட்டு முட்செடி. குடும்பத்தால் கசகசாவின் உறவு. 1753-ல் லின்னேயஸ் வைத்த 'ஆர்ஜிமோன் மெக்சிகானா' என்ற பெயரே அதன் பிறந்த ஊரைச் சொல்லிவிடுகிறது.

கிள்ளினால் மஞ்சள் பால் வடியும். அதைக் கண்ணில் விடுகிற வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. ஒரு பெரியவர் அப்படி மூன்று நாள் விட்டுக்கொண்டு, நான்காம் நாள் கண் திறக்க முடியாமல் பேரன் கையைப் பிடித்து வந்தார். "செலவு இல்லாத மருந்தாச்சே, டாக்டரம்மா" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் இல்லாதவர் வேறு எங்கே போவார்? பால் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

விதை இன்னும் பொல்லாதது. கடுகைப்போலவே இருக்கும். 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்ததால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிலுள்ள சாங்குயினரின் என்ற நஞ்சு மெல்லிய இரத்தக்குழாய்களைக் கசியவைக்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், சிலருக்குக் கண்ணழுத்தம் கூடிப் பார்வையும் போகும். மாற்று மருந்து கிடையாது. அந்த எண்ணெயை நிறுத்தி, வீக்கத்துக்கும் இருதயத்துக்கும் சிகிச்சை கொடுக்கலாம், அவ்வளவுதான். நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் ஊற்றிச் சமைக்கிற நமக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் நம் பிள்ளைகள் பலர் வடக்கே வேலை பார்க்கிறார்களே!

மேசைமேல் இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். கடுகு வழவழப்பாயிருக்கும், நசுக்கினால் உள்ளே மஞ்சள். மற்றது சொரசொரப்பு, உள்ளே வெள்ளை. போகும்போது இரண்டையும் நசுக்கிப் பாருங்கள். அப்புறம் மறக்காமல் கையைக் கழுவிவிடுங்கள்.