கைக்கு எட்டாத ஆயில் ஃபில்டர்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என் காருக்கு ஆயிலும் ஃபில்டரும் பல வருடங்களாக நானே மாற்றுகிறேன். போன கூட்டத்தில் சிலர் கேட்டதால், இதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார்.

எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஆயிலை இறக்கிவிடலாம் சார், ஃபில்டர்தான் கைக்கு வரவில்லை." அதற்குக் காரணம் உண்டு. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வண்டிகளில் எஞ்சின் நீளவாக்கில் இருந்தது. பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் கை போகும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் எஞ்சினைக் குறுக்கே வைத்தார்கள். பிறகு வந்த சிறிய கார்கள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். உட்காருகிறவர்களுக்கு இடம் கூடியது, கை நுழைக்க இடம் குறைந்தது. ஃபில்டர் ரேடியேட்டர் பக்கம் சைலன்சர் பைப்புக்குக் கீழே இருக்கும், அல்லது எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆகவே முதல் வேலை, ஆயில் வாங்குவதற்கு முன்பே டார்ச் அடித்து அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பது. மேலிருந்து தெரியாவிட்டால் முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் அந்த வழியாகக் கை நேராகப் போகும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வண்டியோடு வரும் ஜாக்கி, டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்ட் வைத்து, அதன் மேல் வண்டியை இறக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் உடையும். நம் பகுதியில் பல வீட்டு வாசல் மண் தரை, ஜாக்கி மெல்ல அமிழும். சமமான சிமென்ட் தரை இருந்தால் மட்டும் செய்யுங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டி வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது. அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. வாரண்டியில் உள்ள வண்டியையும் கம்பெனி சர்வீஸுக்கே விடுங்கள்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் இளகி நன்றாக இறங்கும். நெடுந்தூரம் ஓட்டி வந்த உடனே கை வைக்காதீர்கள், சைலன்சர் பைப் சுட்டுவிடும். ஆயில் இறங்கியதும் ட்ரெயின் போல்ட்டைப் புது வாஷர் போட்டு இறுக்கிவிட்டு ஃபில்டருக்குப் போங்கள்.

இடுக்கில் உள்ள ஃபில்டருக்குப் பெல்ட் மாதிரி சுற்றும் ஸ்பேனர் உதவாது, அதைச் சுழற்ற இடம் இருக்காது. ஃபில்டர் தலையில் தொப்பி போலக் கவிழும் ஸ்பேனர் கிடைக்கிறது. அதோடு ஒரு ராட்செட்டும் நீட்டிப்புக் கம்பியும் இருந்தால் கை உள்ளே போகாமலே கழற்றலாம். வாங்கும்போது பழைய ஃபில்டரின் அளவைச் சொல்லி வாங்குங்கள். லேசாக இளகியதும் நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் பையை ஃபில்டர் மேல் மாட்டிவிட்டு மீதியைக் கையால் திருகுங்கள். உள்ளே நிற்கும் ஆயில் பையில் விழும், சைலன்சரில் விழாது. ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திருகுவதைச் சிலர் சொல்வார்கள். தகடு கிழிந்தால் பிடிக்க எதுவும் மிஞ்சாது, அதனால் எனக்கு அதில் விருப்பமில்லை.

பழைய ஃபில்டர் வெளியே வந்ததும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா பாருங்கள். சில சமயம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் புதியதைப் போட்டால் இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும். எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சி வெளியேறும். எஞ்சின் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத இடமென்றால் விரலால் தடவிப் பாருங்கள், அல்லது செல்போனை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள்.

புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். ஃபில்டர் மேலேயே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த முறை அவதிப்படப்போவது நீங்கள்தான். ஆயிலின் ரகமும் அளவும் வண்டிக் கையேட்டில் இருக்கும். ஊற்றிய பிறகு ஸ்டார்ட் செய்தால் சிவப்பு ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அணைந்தால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அடியில் கசிவு பார்த்து, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பாருங்கள்.

குமாஸ்தா புத்தி என்று சிரித்தாலும் சரி, இறக்கிய ஆயிலை நான் அளந்து நோட்டில் எழுதி வைக்கிறேன். போன தடவை 3 லிட்டர் ஊற்றி, இப்போது 2 லிட்டர்தான் இறங்குகிறது என்றால் மீதி எங்கே? கசிகிறது, அல்லது எஞ்சினில் எரிகிறது. கணக்கு இடித்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கடைசியாக, கழிவு ஆயில். வேலிக்கால் கறையானுக்குத் தடவுவது, களை மேல் ஊற்றுவது, சாக்கடையில் விடுவது எல்லாம் நம் தெருக்களிலும் நடக்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் இந்த எண்ணெய் வருகிறது. சட்டம் கிடக்கட்டும், மழை பெய்தால் நம் தெருத் தண்ணீர் பள்ளம் பார்த்து ஏரிக்கும் குளத்துக்கும் ஓடுகிறது. நம் போர் தண்ணீரும் அதே மண்ணுக்குள்தான் இருக்கிறது. பௌர்ணமியன்று ஆயிரக்கணக்கானோர் செருப்பில்லாமல் நடக்கும் கிரிவலப் பாதை நம் வாசலில். அங்கே ஓர் எண்ணெய்த் திட்டு கிடந்தால் வழுக்கி விழுவது யாரோ ஒரு வயதான அம்மாதான்.

ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, ஃபில்டரையும் கவிழ்த்து வடியவிட்டு, மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஆளுக்கொரு கேனாக அலைவதற்குப் பதில், சங்கமே ஒரு பெரிய கேன் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஒப்படைக்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். யார் யார் வீட்டில் ஆயில் மாற்றுகிறீர்கள் என்று செயலாளரிடம் பெயர் கொடுத்தால், எவ்வளவு பெரிய கேன் வேண்டும் என்று முடிவு செய்ய வசதியாக இருக்கும்.