கோப்புகளை அடுக்க ஓர் எழுதிய விதி

கணினியில் கோப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக இழுத்துப்போடுவதைவிட, பத்திருபது வரியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி அடுக்கிவிடலாம் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏன் என்று கேட்டால் நேரம் மிச்சம் என்பார்கள். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. நேரம் கொஞ்சமும் மிச்சமாகாத இடத்தில்கூட இந்தப் பழக்கத்துக்கு மதிப்பு உண்டு என்பது என் கட்சி. எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்று நாம் மனத்துக்குள் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஸ்கிரிப்ட் அந்த விதியை வெளியே எழுதவைக்கிறது. எழுதிவிட்டால் அதை இன்னொருவர் படிக்கலாம், பிழை சொல்லலாம், அடுத்த ஆண்டும் அதே விதிப்படி அடுக்கலாம்.

குடும்பப் புகைப்படங்களையே எடுத்துக்கொள்வோம். டிஜிட்டல் கேமராக்கள் படத்துக்குப் பெயர் வைக்கும் முறை 1998இல் ஜப்பானில் வகுத்த ஒரு தரத்திலிருந்து வந்தது. முதலில் நான்கு எழுத்து, அதன் பின்னால் நான்கு இலக்கம். 9999 வந்ததும் எண்ணிக்கை மறுபடி 0001இல் தொடங்கும். ஆகவே ஒரே கேமராவில் எடுத்த இரு வேறு படங்களுக்கு ஒரே பெயர் அமைவது சாதாரணம். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடலாம். சரி, ஆண்டு வாரியாகவும் மாத வாரியாகவும் பிரிப்போம் என்கிறோம். எளிய விதிதான். ஆனால் ஸ்கிரிப்டில் எழுத உட்கார்ந்ததும் முதல் கேள்வி வந்துவிடும்: எந்தத் தேதி? கோப்பின் மேல் கணினி காட்டும் தேதி நம்பத் தகாதது. படத்தைச் சற்றுத் திருத்திச் சேமித்தாலே மாறிவிடும், சில வேளை நகலெடுத்தாலும் மாறும். படத்துக்குள்ளேயே கேமரா பதித்துவைக்கும் எக்ஸிஃப் தேதி மேலானது. ஆனால் வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பு நீங்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அப்படி வந்த படத்தின் பெயரில் எட்டு இலக்கத்தில் ஒரு தேதி இருக்கும், உண்மைதான். அது படம் எடுத்த நாள் அல்ல, நம் கைக்கு வந்து சேர்ந்த நாள். தாத்தாவின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்திருந்தால், அதில் பதிந்திருப்பது பெரும்பாலும் ஸ்கேன் செய்த நாளாகத்தான் இருக்கும். கையால் அடுக்குகிறவர் இந்த இடங்களில் எல்லாம் அன்றைக்குத் தோன்றியபடி முடிவெடுக்கிறார். திங்கட்கிழமை எடுத்த முடிவு வியாழக்கிழமை இருக்காது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. உள்தேதி இருந்தால் அது, இல்லையென்றால் பெயரில் உள்ள தேதி, இரண்டும் இல்லையென்றால் 'தேதி தெரியாதவை' என்ற தனிக் கோப்புறை என்று ஒரே தரம் யோசித்துச் சொல்லியாக வேண்டும்.

பெயரில் தேதி எழுதுவதிலும் இதே கதை. நாம் நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள். கணினி பெயர்களை இடமிருந்து வலமாகப் படித்து வரிசைப்படுத்துவதால், அப்படி எழுதினால் பன்னிரண்டு மாதங்களின் முதல் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். மாதத்தைத் தமிழில் முதலில் எழுதினாலோ அக்டோபரும் ஆகஸ்டும் ஜனவரியை முந்திக்கொண்டு நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்று எண்களில் எழுதினால் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் சொல்வதும் இந்த வரிசைதான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். கணினிக்குள் அவை வேறு வேறு. ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைத்திருந்தது. விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்ந்த வடிவம் வரும். ஆகவே 'கோயில்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிய வழியே இல்லை. எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர பைத்தான் மொழியில் தயாராக ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு வரி போதும். எத்தனை பொறுமையான கையும் செய்ய முடியாத வேலை இது.

இதெல்லாம் எதற்கு, தேடினால் கிடைத்துவிடுமே என்பது இன்று வலுவாகச் சொல்லப்படும் மறுப்பு. பெயரோ உள்ளடக்கமோ நினைவிருந்தால் தேடல் கண்டுபிடித்துத் தரும், மறுக்கவில்லை. ஆனால் இருப்பது தெரிந்த பொருளைத்தான் தேட முடியும். ஊர் நூலகம் ஒன்று தன் பழைய இதழ்களை ஸ்கேன் செய்துவைத்திருக்கிறது என்றால், எந்த மாத இதழ் விடுபட்டிருக்கிறது என்பதைத் தேடல் பெட்டி தானாகச் சொல்லாது. ஒழுங்கான பெயர் இருந்தால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் நொடியில் சொல்லிவிடும்.

ஆபத்து என்ற மறுப்புக்கு நான் இன்னும் மதிப்புக் கொடுக்கிறேன். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் 'ஆர்எம்' என்ற கட்டளை அழித்ததைக் குப்பைத்தொட்டியில் தேட முடியாது. பெயர் மாற்றும் 'எம்வி' கட்டளையும், தடுத்துவைக்காவிட்டால், அதே பெயரில் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் சொல்லாமல் ஏறி உட்காரும். கை ஒரு கோப்பில் செய்யும் தவறை ஸ்கிரிப்ட் ஆயிரத்தில் செய்யும். இதற்கு விடையும் எழுதிய விதியில்தான் இருக்கிறது. எதையும் தொடாமல், 'இந்தக் கோப்பை இங்கே அனுப்பப்போகிறேன்' என்று பட்டியல் மட்டும் போடும்படி ஸ்கிரிப்டை முதலில் ஓடவிடலாம். விண்டோஸின் பவர்ஷெல்லில் இதற்கென்றே 'வாட்இஃப்' என்ற வசதி வைத்திருக்கிறார்கள். பட்டியலைப் படித்துப் பார்த்து, மூலத்தை நகர்த்தாமல் நகலெடுத்து, பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரு கோப்பில் பதிந்துகொண்டே போனால், தவறினாலும் வந்த வழியே திரும்பலாம். கையால் நகர்த்திய ஐந்நூறு கோப்புகளுக்கு அப்படி ஒரு பதிவு யாரிடமும் இருப்பதில்லை.

நாற்பது கோப்புகளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதச் சொல்ல மாட்டேன்; அதற்குக் கையே போதும். ஸ்கிரிப்டையும் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருமே என்பவர்கள் தாராளமாக எழுதி வாங்கட்டும். தேதி இல்லாத படத்தை அது எங்கே அனுப்புகிறது என்பதை மட்டும் ஓடவிடுவதற்கு முன் படித்துப் பார்க்க வேண்டும். அந்த வரிக்கு மேலே ஏன் அப்படி என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதி, படங்கள் இருக்கும் கோப்புறையிலேயே ஸ்கிரிப்டையும் போட்டுவைத்தால், பின்னால் அந்தக் கணினியைத் திறக்கும் பிள்ளைகள் யாரையும் கேட்காமலே புரிந்துகொள்வார்கள்.