சிறைச் சான்றிதழ் இல்லாத போராளிகள்

(நூல் அறிமுகக் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் பவானி மாஹாத்தோ என்ற மூதாட்டி வாழ்ந்தார். நூறு வயதைக் கடந்திருந்த அவரிடம், விடுதலைப் போராட்டத்தில் அவருடைய பங்கு என்ன என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டார். தமக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, அது தம் கணவர் வைத்தியநாத் மாஹாத்தோவின் வேலை என்று மூதாட்டி மறுத்துவிட்டார்.

பத்திரிகையாளர் எழுந்து போய்விடவில்லை. பேச்சு சமையலுக்கும் வயலுக்கும் திரும்பியது. 1942-43இல், வங்கத்தைப் பஞ்சம் சூழ்ந்த காலத்தில், கணவர் சிறையில் இருந்தார். பயிர் செய்ததும், பெரிய கூட்டுக் குடும்பத்துக்குச் சோறாக்கியதும் பவானிதான். தலைமறைவாகத் திரிந்த இருபதுக்கும் மேற்பட்ட போராளிகளுக்கும் அவரே உணவளித்தார். பிடிபட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். ஆயினும் அதைப் போராட்டம் என்று அவர் எண்ணியதே இல்லை.

அந்தப் பத்திரிகையாளர் பி. சாய்நாத். வறுமை மிகுந்த மாவட்டங்களில் அலைந்து எழுதிய கட்டுரைகளை 1996இல் நூலாக்கியவர். ‘தி இந்து’ நாளேட்டில் ஊரகச் செய்திகளுக்குப் பொறுப்பேற்றிருந்தவர். 2014இல் ‘பாரி’ என்னும் ஊரக ஆவணக் களஞ்சியத்தைத் தொடங்கியவர். 2022 நவம்பரில் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஹீரோஸ்’ என்னும் நூலில், ஊர் ஊராகக் கேட்டறிந்த இத்தகைய வரலாறுகளை அவர் தொகுத்துள்ளார்.

அரசின் கணக்கில் விடுதலைப் போராளி யார்? 1972இல் தொடங்கி 1980இல் விரிவாக்கப்பட்ட மத்திய ஓய்வூதியத் திட்டம், பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்தைக் கோருகிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அது மூன்று மாதம். தலைமறைவாக இருந்தோருக்கும் இடமுண்டு. ஆனால் பிடியாணை போன்ற ஆவணம் வேண்டும். ஆக, பிரிட்டிஷ் காவல்துறை எழுதிவைத்த தாளே இன்றும் சாட்சி! எவரிடமும் அகப்படாமல் திறம்படப் பணியாற்றியவர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்.

மகாராட்டிரத்தின் சதாரா வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1943இல் நானா பாட்டில் தலைமையில் அங்கே ‘பிரதி சர்க்கார்’ என்னும் இணை அரசு எழுந்தது. அது நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் நீதிமன்றம் நடத்தியது, தானியம் பங்கிட்டது, கந்துவட்டிக்காரரைத் தண்டித்தது. நானா பாட்டில் பின்னர் 1957இல் கம்யூனிஸ்ட்டாக மக்களவைக்குச் சென்றார் என்பது தோழர்கள் அறிந்ததே. அவருடைய மகள் ஹௌசாபாய் ஒரு காவல் நிலையத்தின் முன் கணவனிடம் அடிபடும் மனைவியாக நடித்தார். காவலர்கள் சண்டையை விலக்க வெளியே வந்தனர். தோழர்கள் பின்புறமாக நுழைந்து துப்பாக்கிகளை எடுத்துச் சென்றனர். இந்த நாடகத்துக்கு எந்தச் சிறைப் பதிவேட்டில் வரி இருக்கும்?

1943 ஜூன் 7 அன்று, அரசு ஊழியருக்கான சம்பளப் பணம் ஏற்றிய ரயிலை ஷெனோலியில் ‘தூஃபான் சேனா’ மறித்தது. அதில் முன்னின்றவர் ‘கேப்டன் பாவு’ எனப்பட்ட ராமச்சந்திர ஸ்ரீபதி லாட். அந்நிகழ்ச்சியைக் கொள்ளை என்று குறிப்பிட்டால் முதிய வயதிலும் அவருக்குச் சினம் வரும். மக்களிடமிருந்து பறித்த பணத்தை மீட்டதாகவே அவர் கருதினார். எதிரியின் ஆவணத்தை மட்டும் படித்து வரலாறு எழுதுகிறவர், எதிரியின் சொல்லையும் அறியாமலேயே எடுத்துக்கொள்கிறார்.

நினைவும் தவறும், ஆண்டுகள் மாறிவிடும், பெயர்கள் கலந்துவிடும். ஆகவே ஒரே வீட்டுக்குப் பலமுறை செல்வதும், ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் சரிபார்ப்பதும் தேவை. நல்ல செய்தியாளருக்குரிய அந்தப் பழக்கம் உள்ளூர் வரலாற்றுக்கு மிகவும் பயன்படுகிறது. இந்நூலில் தோழர்கள் என். சங்கரய்யாவும் ஆர். நல்லகண்ணுவும் இடம்பெற்றுள்ளனர். 1941இல் இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருக்கையில் கைதான சங்கரய்யாவுக்குச் சிறைப் பதிவு உண்டு. அவரைப் போன்றோரின் தலைமறைவு நாட்களில் கதவு திறந்துவிட்டவர்களுக்கு அது இல்லை. மாவட்ட வரலாறு எழுத முனையும் குழுக்கள் முதலில் தேடவேண்டிய வீடுகள் அவர்களுடையவை.

காலமும் மிகக் குறைவு. ஹௌசாபாய் 2021 செப்டம்பரில் மறைந்தார். கேப்டன் பாவு 2022 பிப்ரவரியில் மறைந்தார். நூல் அச்சாகி வந்தபோது இருவரும் இல்லை.