வரையாடு தந்த பாடம்



மலையேற்றம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வலிய கால்களும் நல்ல காலணிகளுமே. அவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. அதுவே அடங்கியிருக்கும் பழக்கம். அதனை நான் கற்ற வரலாற்றை இன்று சொல்ல விழைகிறேன்.

மூணாற்றை அடுத்த இரவிகுளம் மலைப்பகுதி 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அங்கேதான் உள்ளது. மேட்டு நிலமெங்கும் புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. புல்வெளியை ஒட்டிய செங்குத்துப் பாறைகளே வரையாட்டின் அரண். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இவ்விலங்கு இயல்பாக வாழ்வதில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே.

நான் கல்லூரியில் பயின்ற காலத்தில், ஒரு மே மாதம், நண்பர்கள் அறுவர் வனத்துறையின் இசைவு பெற்று அம்மலைக் குடில் ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கினோம். முதுவர் குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். மறுநாள் விடியலில் காற்று எங்கள் முகத்தில் வீசும் திசையாகப் பார்த்து அழைத்துச் சென்றார். எங்கள் வாடை முன்னே சென்று ஆடுகளை எச்சரிக்கலாகாது அன்றோ!

பாறை மறைவிலிருந்து எண்ணினோம். பெட்டைகள் ஏழு, குட்டிகள் மூன்று. மற்றவை மேய்ந்திருக்க, ஒரு பெட்டை மட்டும் உயர்ந்த கல்மேல் நின்று காவல் புரிந்தது. ஆடுகளெல்லாம் தலைநிமிர்ந்தால் புகைப்படம் அழகாக அமையுமே என்று எண்ணி நான் எழுந்து கைதட்டினேன்.

சீழ்க்கை போன்ற ஓர் ஒலி எழுந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் மந்தை பாறைச் சரிவில் பாய்ந்து மறைந்தது. ஆனால் ஒரு குட்டி மட்டும் குறுகிய பாறை விளிம்பொன்றில் தனித்து நின்று கத்தியது. சிறுத்தையும் செந்நாயும் உலவும் மலை அது. தாயைப் பிரிந்த குட்டிக்குப் பாலும் இல்லை, காவலும் இல்லை.

பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நாம் இங்கே நிற்கும்வரை தாய் வராது, தம்பி. போவோம்” என்று மட்டும் சொன்னார். குட்டியின் குரல் பின்தொடர நாங்கள் திரும்பினோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை, தொலைவிலுள்ள வேறொரு மேட்டிலிருந்து தொலைநோக்கியால் பார்த்தோம். அதே சரிவில் பெட்டைகள் ஏழு மேய்ந்தன. குட்டிகளை மும்முறை எண்ணினேன், மூன்றும் இருந்தன. அப்போதுதான் என் நெஞ்சம் ஆறியது. ஆயினும் அது என் நல்வினையேயன்றி, என் அறிவுடைமை அன்று.

குட்டி ஈனும் பருவத்தை முன்னிட்டு, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அப்பூங்காவைப் பார்வையாளர்க்கு மூடிவிடுவது வழக்கம். அதன் காரணத்தை அந்த ஓர் இரவே எனக்கு விளக்கிற்று.

மாணவர்களே! நீங்களும் இசைவு பெற்று, வழிகாட்டியுடன் மலைக்குச் செல்லுங்கள். மேயும் விலங்கு மேய்ச்சலை நிறுத்தி உங்களை நோக்கினால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள், அது தலை தாழ்த்தி மீண்டும் மேயத் தொடங்காவிடில், ஓசையின்றிப் பின்வாங்குங்கள். நாம் வந்து சென்றதையே அறியாமல் அது மேய்ந்துகொண்டிருக்குமானால், அதுவே நல்ல மலையேற்றம்.