ஓய்வு பெற்றவன் எழுதிய சிறுகதை

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"ரிடையர் ஆனபின் பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று பேசுங்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். எனக்கு முன்னால் பேசிய மாமா மாடித் தோட்டத்தைப் பற்றிச் சொல்லி, வெண்டைக்காயையும் கொண்டுவந்து காட்டிவிட்டார். என்னிடம் காட்டுவதற்குக் காய் ஒன்றும் இல்லை. நான் சிறுகதை எழுதுகிறேன்.

வங்கியில் 37 வருஷ உத்தியோகம். கடைசி 9 வருஷம் இன்ஸ்பெக்‌ஷன். கிளை கிளையாகப் போய் ரிப்போர்ட் எழுதுகிற வேலை. 2013-ல் அறுபது முடிந்து வீட்டுக்கு வந்ததும், இத்தனை ரிப்போர்ட் எழுதிய கைக்குக் கதை என்ன பிரமாதம் என்று நினைத்தேன். லா.ச.ராமாமிருதமும் பஞ்சாப் நேஷனல் வங்கிக்காரர்தானே? 'சிந்தாநதி'க்கு 1989-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தபோது அவருக்கு வயது 73. நமக்கு இன்னும் 13 வருஷம் இருக்கிறது என்று மனக்கணக்குப் போட்டேன்! நாஞ்சில் நாடன் எழுத ஆரம்பித்ததும் இந்தப் பம்பாயில் வேலை பார்த்தபோதுதான். ஊர் ராசியும் இருக்கிறது.

ஒரு வருஷத்தில் பதினோரு கதை எழுதினேன். பத்திரிகைகளுக்கு அனுப்பியதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிய உறை வைத்தால் கதையாவது திரும்பி வரும். இப்போது மின்னஞ்சல். போனது போனதுதான்.

முதலில் படிப்பவள் என் மனைவி. அவள் சொன்னாள்: "உங்க கதையில எல்லாரும் நல்லவா. யாரும் ஒரு தப்பும் பண்ணலை. ஆனா கடைசியில யாரோ அழறா. எதுக்குன்னுதான் புரியலை." எனக்குக் கோபம். அன்றைக்கு மோர்க்குழம்பு சரியில்லை என்று சொல்லிப் பழி தீர்த்துக்கொண்டேன்.

பிறகு என் தம்பியை வைத்து ஒரு கதை எழுதினேன். 1983-ல் வேலை தேடி வந்து, டோம்பிவிலியில் எங்களோடு தங்கினான். ஒரே அறை. அதற்குள்ளேயே சமையல், நாங்கள் இரண்டு பேர், கைக்குழந்தை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவன். தினமும் லோக்கலில் தொங்கிக்கொண்டு போய் ஃபோர்ட்டில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவான். ராத்திரி நாங்கள் விளக்கணைத்து வெகுநேரம் ஆகும்வரை வெளித் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஏன் என்று, ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாலரை மாசம் இருந்தான். வேலை கிடைக்கவில்லை.

கதையில், 'தம்பி ஊருக்குத் திரும்ப நேர்ந்தது' என்று எழுதியிருந்தேன். மனைவி அந்த வரியில் விரலை வைத்தாள். "தானா நேர்ந்துதா? நீங்கதானே டிக்கெட் எடுத்துண்டு வந்து அவன் சட்டைப்பையில வெச்சேள்?"

இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதினாலும் பாஷை இதேதான். 'தவறு நேர்ந்துள்ளது', 'பதிவு செய்யப்படவில்லை'. செய்த ஆளின் பெயர் வராது. கிளையில் இருப்பவனுக்கும் பிள்ளைகுட்டி, பிரமோஷன் எல்லாம் உண்டு. அங்கே அது நல்ல வழக்கம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் பதினோரு கதைகளையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'நேர்ந்தது', 'ஆகிவிட்டது'. ஒருத்தரும் எதையும் செய்யவில்லை.

மறுபடி எழுதினேன். அண்ணன் டிக்கெட் வாங்கினான். தம்பி தூங்கும்போது சட்டைப்பையில் வைத்தான். இந்த இரண்டு வரிக்கு ஒன்பது நாள் ஆயிற்று. மீதி ஒரே ராத்திரியில் முடிந்தது. வி.டி. ஸ்டேஷனில் மெட்ராஸ் மெயில் கிளம்பும்போது அண்ணன் ஜன்னல் வழியாக வாழைப்பழமும் இருபது ரூபாயும் கொடுக்கிறான். இருவரும் பேசவில்லை.

உயிரோடு இருப்பவர்களை எழுதினால் வருகிற சங்கடம் பெரிது. பெயரை மாற்றினால் போதும் என்பார்கள். போதாது. டோம்பிவிலி என்ற ஒரு சொல்லே எங்கள் குடும்பத்துக்குப் போதும். தம்பி இப்போது கும்பகோணத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். கல்யாணம், சீமந்தம், அம்மாவின் காரியம் என்று எத்தனையோ தடவை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். இந்தப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை. பத்திரிகைக்கு அனுப்புமுன் அவனுக்கு ஒரு பிரதி தபாலில் போட்டேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. அந்த மூன்று வாரம் நான் பேனாவைத் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அண்ணா, கதை நன்னாயிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு நீ ஸ்டேஷனுக்கு வரலை. மன்னிதான் குழந்தையை இடுப்புல வெச்சுண்டு வந்தா. பழமும் பணமும் மன்னி கொடுத்தது."

பிளாட்பாரத்தில் நான் நின்றது எனக்குக் கண்ணால் கண்டது போல ஞாபகம் இருந்தது. உள்ளே போய் மனைவியிடம், "இதை ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "கதைதானே, அதுலயாவது நீங்க வந்துட்டுப் போங்கோன்னு விட்டுட்டேன்" என்றாள்.

இப்போது மூன்றாம் தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டேஷனில் அண்ணன் இல்லை. அந்த நேரத்தில் அவன் எங்கே போயிருந்தான் என்பதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.